வாசகர் கேட்டவை: தகட்டில் என்ன எழுதியிருக்கு?

(நாகர்கோவிலில் ஷீல்டு, கப், மெமெண்டோ கடை வைத்திருக்கும் பழைய சினிமாப் பைத்தியம் ஒருவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். சென்ற இதழில், நடிகையும் இயக்குநருமான ரேவதிக்கு மூன்று தேசிய விருதுகள் இருக்கின்றன என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். அதன்பின் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விருதைப் பற்றியவை.)

அண்ணாச்சி, ரேவதிக்கு மூன்று தேசிய விருது என்று எழுதிவிட்டீர்கள். என் மகள் ஒன்றுதான் என்று சாதிக்கிறாள். வீட்டில் இரண்டு நாளாகச் சண்டை. தீர்ப்புச் சொல்லுங்கள்.
— வாசகி, தக்கலை

மூன்றுதான் தங்கச்சி. ஆனாலும் பிள்ளையைத் திட்டாதீர்கள். நடிப்புக்கு என்று எண்ணினால் அவள் சொன்னதுதான் சரி.

அந்த ஒன்று 'தேவர் மகன்'. 1992-க்கான 40-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகை. கவனியுங்கள், துணை நடிகை. மணமேடையில் மாப்பிள்ளை இல்லாமல் போய், இன்னொருவர் கையால் தாலி வாங்கிக்கொண்டு வரும் பஞ்சவர்ணம். அவருக்குப் படத்தில் வசனம் எவ்வளவு குறைவு என்று அடுத்த முறை பார்க்கும்போது கணக்கெடுங்கள். புருஷன் பாடச் சொல்லும் இடத்தில் தலை நிமிராமல், வேண்டாம் என்று சொல்லவும் தெரியாமல், மெல்ல ஒரு பாட்டை எடுப்பாரே, அந்தப் பாட்டுக்கு எஸ். ஜானகிக்கும் அதே வருஷம் தேசிய விருது வந்தது. குரல் ஒருவருடையது, கூச்சம் இன்னொருவருடையது, விருது இருவருக்கும். எனக்குத் தெரிந்து ரொம்ப நியாயமான பங்கீடு.

மற்ற இரண்டும் கேமராவுக்குப் பின்னால் நின்று வாங்கியவை. ஒன்று 'மித்ர், மை ஃபிரெண்ட்'. அவர் இயக்கிய முதல் படம். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி கலிபோர்னியா போன ஒரு பெண், மகள் வளர்ந்து விலகிப்போக, புருஷன் வேலையில் மூழ்கிப்போக, கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஒருவரோடு பேச ஆரம்பிக்கிறாள். இதற்குச் சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது. இன்னொன்று 'ரெட் பில்டிங் வேர் த சன் செட்ஸ்'. அப்பா அம்மா சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட குழந்தையைப் பற்றிய சின்னப் படம். 2011-க்கான 59-ஆவது விருதுகளில், கதைப்படம் அல்லாத பிரிவில், குடும்ப நெறிகளைச் சொல்லும் சிறந்த படம் என்று விருது.

இப்போது என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேவதி மேடை ஏறினால் அறிமுகம் செய்கிறவர் முதலில் சொல்வது 'மௌன ராகம்'. அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது உண்டு. திவ்யாவாக வாழ்ந்த ரேவதிக்குக் கிடையாது. இயக்கியதற்கு இரண்டு வாங்கியிருக்கிறாரே, அதை எந்த மேடையிலும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. உங்கள் மகள் 'ஒன்று' என்று நினைப்பது அவள் தப்பில்லை, அறிமுகம் செய்கிறவர்கள் தப்பு.

'மித்ர்' 2002-இல்தான் தியேட்டருக்கு வந்தது. விருதுப் பட்டியலில் 2001 என்று போட்டிருக்கிறார்கள். எது பிழை?
— கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

இரண்டும் பிழையில்லை மக்களே. தேசிய விருதுக்கு வருஷம் பார்ப்பது தியேட்டர் போஸ்டரை வைத்து இல்லை, தணிக்கைச் சான்றிதழை வைத்து. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைக்கும் எந்தப் படத்துக்குச் சான்றிதழ் கையில் கிடைத்ததோ, அது அந்த வருஷத்துப் படம். டிசம்பரில் சான்றிதழ் வாங்கிப் பிப்ரவரியில் ரிலீஸ் ஆனால், நம் நினைவில் ஒரு வருஷம், தகட்டில் இன்னொரு வருஷம். விருதை அறிவிப்பது அதற்கும் பிறகு. 'மித்ர்' வாங்கிய 49-ஆவது விருதுகள் 2001-ஆம் ஆண்டுக்கு உரியவை; அறிவித்தது 2002-இல்.

எங்கள் தொழிலிலும் தினம் நடக்கிற கூத்துதான் இது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஷீல்டு எடுக்க வரும் பி.டி. சாரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "சாரே, வருஷம் என்ன போடணும்?" ஓட்டப்பந்தயம் நடந்தது நவம்பரில், விழா பிப்ரவரியில், கல்வி ஆண்டு இரண்டுக்கும் பொது. அவர் கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்ப்பார். பிறகு, "ரெண்டையும் சேர்த்துக் கோடு போட்டு அடிச்சிரும்" என்பார். மத்திய அரசுக்கு அந்த வசதி இல்லை.

1983-லேயே 'காட்டத்தெ கிளிக்கூடு' நடித்தவர் ரேவதி. பிறந்ததே கொச்சியில். அவருக்குக் கேரள அரசு விருது 2022-இல்தான் முதன்முதலாகக் கிடைத்தது என்கிறார்கள். நம்ப முடியவில்லையே?
— வாசகர், குளச்சல்

நம்புங்கள். 'பூதகாலம்' படத்துக்கு. 2021-க்கான சிறந்த நடிகை, அறிவிப்பு வந்தது 2022 மே மாதம். (மார்த்தாண்டம் தம்பி கவனிக்கவும்: இந்தப் படமும் மக்கள் பார்வைக்கு வந்தது 2022 ஜனவரியில்தான், அதுவும் தியேட்டரில் இல்லை, நேரே ஓ.டி.டி.யில்.)

பேய்ப் படம் என்று நினைத்துப் பார்க்க உட்கார்ந்தேன். பேய் வருவதற்கு முன்பே பயம் வந்துவிட்டது. மனச்சோர்வு நோய் பிடித்த ஒரு அம்மா, வேலையில்லாத ஒரு மகன், ஒரு வீடு. சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிடும்போது ரேவதியின் கண் மகனையும் பார்க்காது, தட்டையும் பார்க்காது. எத்தனையோ குடும்பங்களில் நாம் பார்த்து, பார்க்காதது போல் எழுந்து வந்த முகம் அது. பாத்திரத்தின் பெயர் ஆஷா. ரேவதிக்கு வீட்டில் வைத்த பெயரும் ஆஷாதான்.

முப்பத்தொன்பது வருஷத் தாமதத்துக்கு யார் மேலும் குற்றம் சொல்ல மாட்டேன். மலையாளத்தில் அவர் நடித்தது விட்டுவிட்டுத்தான். தமிழில் மும்முரமாக இருந்த காலத்தில் அங்கே ஒவ்வொரு வருஷமும் நல்ல போட்டி. அதோடு இன்னொன்று: இளம் வயதில் வாங்கியிருந்தால் ஒரு காதலிக்கு வாங்கியிருப்பார். இப்போது வாங்கியது நரை விழுந்த ஒரு அம்மாவுக்கு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இயக்கியதற்கு விருது என்கிறீர்கள். அந்தப் படத்தில் இயக்குநரின் திறமை எது, மற்றவர் திறமை எது என்று எப்படிப் பிரிப்பது?
— ஆசிரியை, திங்கள்நகர்

பிரிக்க வேண்டாம் டீச்சர். கூட வேலை செய்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்று பாருங்கள், போதும்.

'மித்ர்' படத்தில் ஷோபனாவுக்குச் சிறந்த நடிகை தேசிய விருது (அந்த வருஷம் தபுவோடு பகிர்ந்துகொண்டார்). படத்தொகுப்புக்கு பீனா பாலுக்குத் தேசிய விருது. ஒளிப்பதிவு ஃபவுசியா பாத்திமா, இசை பவதாரிணி. முக்கியமான வேலை எல்லாவற்றிலும் பெண்களை உட்கார வைத்துப் படம் எடுத்தார் ரேவதி. இத்தனைக்கும் ஷோபனாவும் அவரும் ஒரே காலத்து நாயகிகள். கூட நடித்து வளர்ந்தவரைக் கேமரா முன்னால் நிறுத்தி, தான் வாங்காத சிறந்த நடிகை விருதை அவர் வாங்கும்படி செய்வதற்குத் திறமை மட்டும் போதாது, மனசும் வேண்டும்.

கமல்ஹாசன் கதையும் இப்படித்தான். 'மூன்றாம் பிறை', 'நாயகன்', 'இந்தியன்' என்று நடிப்புக்கு மூன்று முறை தேசிய விருது. அவரே இயக்கிய 'ஹே ராம்' படத்துக்கு வந்தபோது யார் வாங்கினார்கள்? துணை நடிகராக அதுல் குல்கர்னி, உடை வடிவமைப்புக்கு சரிகா, பிறகு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்தவர்கள். இயக்குநர் இருக்கையில் உட்கார்ந்தவர் பெயரில் ஒன்றும் இல்லை. நடிகனாக இருந்தால் ஷீல்டு தன் வீட்டு அலமாரியில் இருக்கும். இயக்குநரானால் பிறத்தியார் வீட்டு அலமாரியிலும் இருக்கும்.

நடிகர் இயக்குநராகி முதல் படத்திலேயே வாங்கியதும் உண்டு. பிரதாப் போத்தன் இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை', சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான இந்திரா காந்தி விருது பெற்றது. தயாரிப்பு ராதிகா. அவரும் நடிகை என்பதால் ஒரே படத்தில் இரண்டு பேர் வேலை மாறி நின்றிருக்கிறார்கள்.

சீரியலில் அழுது அழுதே தலைமுறையை வளர்த்த நடிகைகளுக்கு ஏன் தேசிய விருது இல்லை?
— வாசகி, சுசீந்திரம்

ஏனென்றால் அது தேசியத் 'திரைப்பட' விருது. தொடர்களுக்கு அதில் வாசலே கிடையாது. 2017 முதல் 2020 வரை சன் டிவியில் 'அழகு' தொடரில் ரேவதி தினமும் வீட்டுக்கு வந்துபோனார். அது எந்த தேசிய நடுவர் கண்ணிலும் படாது.

நல்லது வராமலும் இல்லை. 1991-இல் சுஹாசினி தூர்தர்ஷனுக்காக 'பெண்' என்று ஒரு தொடர் இயக்கினார். ஒவ்வொரு வாரமும் ஒரு கதை, ஒரு நாயகி. ரேவதி, ஷோபனா, ராதிகா எல்லோரும் உண்டு. சுஹாசினியும் நம் பட்டியலுக்கு உரியவரே: சென்னையில் ஒளிப்பதிவு படித்து, கேமரா உதவியாளராக இருந்து, 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யில் நடிகையாகி, 'சிந்து பைரவி'க்குத் தேசிய விருது வாங்கி, பிறகு இயக்க வந்தவர். அந்தக் காலத்தில் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் ஆண்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். தமிழ் நிகழ்ச்சி வேண்டுமென்றால் ஒருவர் மொட்டைமாடியில் நின்று கம்பியைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் கீழே இருந்து "ஆச்சு, ஆச்சு… ஐயோ போச்சு" என்று கத்த வேண்டும்.

தமிழ்நாடு அரசு சின்னத்திரைக்குத் தனியாக விருது தருகிறது. எப்போது தருகிறது என்பதுதான் கேள்வி. 2009 முதல் 2014 வரையிலான திரைப்பட விருதுகளையும், அந்தக் காலத்துச் சின்னத்திரை விருதுகளையும் மேடையில் கொடுத்தது 2022 செப்டம்பர் 4 அன்று. தொடரில் மருமகளாக நடித்ததற்கு, மாமியார் வேஷத்துக்குப் போன பிறகு கூப்பிட்டுக் கொடுத்திருப்பார்கள். விழா நடந்த இடம் சென்னை கலைவாணர் அரங்கம். நம் ஒழுகினசேரி என்.எஸ்.கே. இருந்திருந்தால் இதற்கு மேடையிலேயே ஒரு பாட்டுக் கட்டியிருப்பார். அவரும் நடிகராக இருந்து இயக்குநரானவர்தானே. 'மணமகள்' 1951, 'பணம்' 1952. தேசிய விருது ஆரம்பித்தது 1954-இல், அவர் காலமானது 1957-இல். அரசு கொடுத்த தகடு இல்லாமலேயே ஒரு அரங்கத்துக்குப் பெயராகிவிட்டார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி. 2020-க்கான கேரளத் தொலைக்காட்சி விருதில், சிறந்த தொடர் என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை என்று நடுவர் குழு கையை விரித்துவிட்டது. அப்போது சிரித்தவர்கள் உண்டு. நான் கைதட்டினேன். தகுதி இல்லாத இடத்தில் தகட்டை வெறுமையாக விடுவதும் ஒரு மரியாதைதான்.

கேரள அரசின் உயர்ந்த சினிமா விருது எங்கள் ஊர்க்காரர் பேரில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. நீங்களாவது எழுதுங்கள்.
— வாசகர், அகஸ்தீஸ்வரம்

எழுதுகிறேன் அண்ணாச்சி. பிள்ளைகள் இந்தப் பக்கத்தை மட்டுமாவது படிக்கட்டும்.

ஜே.சி. டேனியல். 1900-இல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் ஸ்டூடியோ போட்டு, 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம். கதை அவர், கேமரா அவர், இயக்கம் அவர், கதாநாயகனும் அவரே. திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிட்டார். 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு இருக்கிறது. கதாநாயகி பி.கே. ரோசி, தலித் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்திருக்கிறார் என்று தெரிந்ததும் கூட்டம் கல்லெடுத்தது. ரோசி ஊரைவிட்டு ஓடி, நம் நாகர்கோவில் பக்கம் வந்து வேறு பெயரில் குடும்பம் நடத்தி, சினிமா என்ற பேச்சே இல்லாமல் வாழ்ந்து போனார். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் முகப்பில் அவர் படம் வந்தது. உலகமே பார்த்தது, அவர்தான் இல்லை.

டேனியலுக்குக் கடன்தான் மிச்சம். கருவிகளை விற்றார், பல் வைத்தியரானார், ஊர் ஊராகப் போய்த் தொழில் பார்த்தார். 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். கடைசிக் காலத்தில் கேரளத்தில் முதிய கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டபோது, அவர் இருப்பது தமிழ்நாட்டில் என்று காரணம் சொல்லி மறுத்தார்கள். இதில் எரிச்சல் வரும் இடம் எது தெரியுமா? அவர் படம் எடுத்தபோது அகஸ்தீஸ்வரமும் திருவிதாங்கூர், திருவனந்தபுரமும் திருவிதாங்கூர். மனுஷன் இடம் மாறவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைக் கோடுதான் மாறியது. தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை இன்றைக்கும் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, கேரள அரசு பராமரிக்கிறது. கட்டடத்துக்கு வழி கண்டுபிடித்தார்கள். கிழவருக்குக் கண்டுபிடிக்கவில்லை.

மலையாளப் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாமல் எழுதி எழுதித்தான் டேனியலின் பெயர் வெளியே வந்தது. 1992-இல் கேரள அரசு அவர் பெயரில் வாழ்நாள் சாதனை விருதை ஆரம்பித்தது. இப்போது அதன் தொகை ஐந்து லட்சம் ரூபாய். அவர் வாழ்க்கையை வைத்து எடுத்த 'செல்லுலாய்ட்' 2012-க்கான கேரள மாநிலச் சிறந்த படம். அதில் டேனியலாக நடித்த பிருத்விராஜுக்குச் சிறந்த நடிகர் விருது. டேனியலைப் போல நடித்தவருக்கு விருது உண்டு, டேனியலைப் பெயராக வைத்து விருது உண்டு. டேனியல் கையில் வாங்கியது ஒன்றுமில்லை.

நடிகர் மது நாகர்கோவிலில் வாத்தியாராக இருந்தாராமே? உண்மையா, சும்மா ஊர்ப்பெருமையா?
— ஓய்வு பெற்ற பேராசிரியர், நாகர்கோவில்

உண்மை சார். நீங்கள் கேட்பது என்னைச் சோதிக்கத்தான் என்று தெரிகிறது. இந்து கல்லூரியிலும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் இந்தி விரிவுரையாளராக இருந்தார் மாதவன் நாயர், மதுவின் சொந்தப் பெயர் அதுதான். வேலையை விட்டுவிட்டு டெல்லியில் தேசிய நாடகப் பள்ளியின் முதல் அணியில் போய்ச் சேர்ந்தார். நிரந்தர உத்தியோகத்தை உதறிவிட்டு நாடகம் படிக்கப் போகிறேன் என்று சொன்னவரை அன்றைக்கு வடசேரியில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

'செம்மீன்' பரீக்குட்டி அவர்தான். படத்துக்கு ஜனாதிபதியின் தங்கப் பதக்கம். 1970-இல் 'பிரியா' மூலம் இயக்குநரானார். அவர் தயாரித்த 'மினி', குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது. 2013-இல் பத்மஸ்ரீ. இதற்கெல்லாம் நடுவில் 2004-இல் ஜே.சி. டேனியல் விருது. நாகர்கோவிலில் பாடம் நடத்தியவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர் பேரிலான விருதை வாங்கியிருக்கிறார். இடையில் தூரம் ஒரு பஸ் டிக்கெட். விருது சுற்றிவந்த வழி திருவனந்தபுரம்.

கலைமாமணி பெரிதா, பத்மஸ்ரீ பெரிதா?
— வாசகர், கருங்கல்

கலைமாமணி தருவது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், பத்மஸ்ரீ தருவது இந்திய அரசு. எது பெரிது என்பது கல்யாணப் பத்திரிகையில் எதை முதலில் அச்சடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மன்றத்து ஆண்டு விழாவில் குறும்படம் எடுத்த எங்கள் பையன்களுக்கு மெமெண்டோ கொடுக்க ஆசை. பட்ஜெட் குறைவு. வாசகர் என்ற முறையில் தள்ளுபடி உண்டா?
— இளைஞர் மன்றச் செயலாளர், தோவாளை

உண்டு தம்பி. மொத்தமாக எடுத்தால் எழுத்துக் கூலி வாங்க மாட்டேன். மூன்று நிபந்தனை. பெயர்களைப் போனில் சொல்லாமல் எழுதிக் கொண்டுவர வேண்டும். தகட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர், அன்பளிப்புச் செய்தவர் என்று நாலு வரி போட்டுவிட்டு, வாங்குகிற பையன் பெயரைக் கீழே எறும்பு அளவில் போடச் சொல்லக் கூடாது. படத்தின் பெயரும், அவன் அதில் என்ன வேலை செய்தான் என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். கேமரா பிடித்தவனுக்கு 'சிறந்த ஒத்துழைப்பு' என்று போடாதீர்கள், 'ஒளிப்பதிவு' என்று போடுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் வாருங்கள். முந்தின நாள் ராத்திரி வந்தால் தள்ளுபடி கிடையாது.